கல்லில் வெட்டிய பெயரடை

ஷெல்ட் ஆற்றங்கரை,
நவம்பர் 4, 1994

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி ஃபிர்மினின் மனைவி ஆலிடா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். பிரேசிலில் உங்கள் மடம் இருக்கும் பக்கம் வருடம் முழுவதும் மழை என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் மழைதான். ஆனால் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அனைத்துப் புனிதர் திருநாள் முடிந்து மூன்று நாள் ஆகிறது. ஃபிர்மினின் கல்லறையில் இந்த முறை வெள்ளைச் சாமந்தி வைத்தேன். உங்கள் குடும்பத்தில் மஞ்சள்தான் வழக்கம் என்பதை மறக்கவில்லை. கடையில் இருந்த மஞ்சள் பூவெல்லாம் பலமுறை துவைத்த துணிபோல இருந்தது. பக்கத்துக் கல்லறையில் உங்கள் அப்பா அம்மாவுக்கும் ஒரு தொட்டி வைத்தேன். காற்றில் ஊரார் தொட்டிகள் பாதி கவிழ்ந்துவிட்டன. நம்முடையவை கவிழவில்லை. அடியில் மணல் போட்டிருந்தேன்.

ஒரு காகித வேலைக்காகவும் இதை எழுதுகிறேன். கல்லைச் சீர்செய்ய வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அனுப்பிய படத்தில் பார்த்திருப்பீர்கள். மேலே ஃபிர்மினின் பெயரும் ஆண்டுகளும். கீழே என் பெயர், நான் பிறந்த ஆண்டு, சிறு கோடு, அதன்பின் வெற்றிடம். இரண்டு பெயருக்கும் அடியில் நான் தேர்ந்தெடுத்த லத்தீன் சொல். பள்ளியில் மதர் ஹில்டெகோண்ட் நம்மை வரிசையாக நிற்க வைத்து ஒப்பிக்கச் சொன்னாரே, கிரேக்கரிடமிருந்து லத்தீன் வாங்கிக்கொண்ட பெயரடைகள், அவற்றில் ஒன்று. மொனொகமுஸ், மொனொகம, மொனொகமும். ஒரே ஒருமுறை மணம் செய்தவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பன்மையில் வெட்டச் சொன்னேன்: மொனொகமி.

ஒன்பது குளிர்காலப் பனி கடித்துக் கல்லின் மேல்பரப்பு உதிரத் தொடங்கியிருக்கிறது. முழுவதையும் தேய்த்து இறக்கிவிட்டு, பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் மறுபடி வெட்டினால் போதும். அந்தச் சொல் வேண்டாம். இந்தக் காலத்தில் லத்தீன் யாருக்குப் புரிகிறது?

நகராட்சியில் கல்லறைப் பிரிவுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சூயிங்கம் மென்றபடியே சொன்னது இது: “மேடம், அந்த இடம் உங்க மாமனார் பேர்ல இருக்கு. இப்போ அவரு பொண்ணுதான் வாரிசு. நீங்க அதுல படுத்துக்கலாம், அதுக்கு உரிமை உண்டு. கல்லைத் தொடணும்னாதான் அவங்க கையெழுத்து வேணும்.” அந்த இடத்தில் படுக்கும் உரிமையை எனக்குத் தாராளமாக இரண்டு முறை எடுத்துச் சொன்னாள்.

படிவத்தை இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கொஞ்சம் அவசரம். கல்லை வெட்டிய சிரியெல் லிப்பென்ஸ் ஈஸ்டருக்குப் பிறகு பட்டறையை மூடிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போகிறார். நெஞ்சு சரியில்லை. அவரும் மனைவியை இழந்தவர், நல்ல வேலைக்காரர். நம் தோட்டத்து மதில் சரிந்தபோது அவர்தான் எடுத்துக் கட்டினார். கூலி வாங்க மறுத்துவிட்டதால் வியாழக்கிழமைகளில் மதியச் சாப்பாடு போடுகிறேன். ஆற்று விலாங்கும் பச்சைக் கீரைச் சாறும் அவருக்குப் பிடிக்கும். அவர் போவதற்குள் கல் வேலை முடிந்தால் நல்லது.

உங்கள் செபத்தில் என்னை நினைவில் வையுங்கள்.

மரியாதையுடன்,
ஆலிடா ரோகெமன்


ஷெல்ட் ஆற்றங்கரை,
ஜனவரி 16, 1995

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று வந்தது. இரண்டே வாக்கியம். “நம் ஊர்க் கல் நூறு பனிக்காலம் தாங்கும். விலாங்கு சாப்பிடும் ஆளைப் பற்றி எழுது.”

நீங்கள் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. லத்தீன் பரிசு ஆறு வருடமும் உங்களுக்குத்தான் வந்தது. உங்களை ஏமாற்றப் பார்த்தேனே, எனக்கு என்ன துணிச்சல்!

பனி கடிக்கவில்லை. கல் நேற்று வெட்டியதுபோல இருக்கிறது. ஐம்பத்தெட்டு வருடப் பழக்கத்தில் உங்களிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் மாதம் ஒரு வியாழனன்று சிரியெல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “மேடம், ஈஸ்டருக்கப்புறம் நான் தெ பன்னெக்குப் போறேன். மூணாவது மாடி, ஜன்னலைத் தொறந்தா கடல். என் நெஞ்சுல பாதி கல்லுத்தூள்தானாம், டாக்டர் சொல்லிட்டாரு. தனியாப் போகப் பிடிக்கல. சும்மா கூட வாங்கன்னு கேக்குற ஆளு நான் இல்ல. கோயில்ல, சாமியார் முன்னாடி வெச்சுத்தான் கேப்பேன். ஈஸ்டர் வரைக்கும் யோசிங்க.”

மீன் ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றேன். அவர் சாப்பிட்டார். போகும்போது தட்டை அவரே கழுவி வைத்தார். கவிழ்த்து வைக்காமல் நிமிர்த்தி வைத்தார். நான் அதைத் திருத்தவில்லை. அதிலிருந்தே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

எனக்கு விருப்பம், அண்ணி. எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிடமாட்டேன்.

ஆனால் எப்படிப் போவது? என் பெயர் அங்கே வெட்டிக் கிடக்கிறது. மற்றப் பெண்கள் செத்த பிறகுதான் கல்லுக்குப் போகிறார்கள். நான் அறுபத்திரண்டு வயதிலேயே போய்விட்டேன். ஊரில் யாரும் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. ஃபிர்மின்கூடக் கேட்கவில்லை. பிழைக்கமாட்டோம் என்று தெரிந்தபோது, ‘அமைதியா தூங்குறார்னு நம்ம மொழியிலயே போட்டா போதாதா, ஆலிடா?’ என்றார். அது எல்லார் கல்லிலும் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். சாகப்போகும் மனிதரிடம் அப்படிச் சொன்னேன்.

வெட்டும்போது சிரியெல் கேட்டார்: “மேடம், இது ஏதாவது நோயோட பேரா? ஐயா மாட்டு டாக்டராச்சே, அதான் கேட்டேன்.” நான் சிரிக்கவில்லை. பொருள் சொன்னேன், கிரேக்க மூலம் சொன்னேன், மூன்று பாலிலும் வடிவம் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கேட்டுக்கொண்டு, “அப்போ ஆழமாவே வெட்டிடறேன்” என்றார். வெட்டினார்.

அந்த வருடப் பங்குத் தந்தை அதைப் பிரசங்கத்தில் வேறு சொன்னார். நம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் பேசுகிறது என்றார். நான் முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விட்டேனா? ரொட்டிக்கடை மாரியெட்டின் அம்மா எலோடி, கணவர் போய் மூன்றாம் வருடம் ஒரு படகுக்காரரை மணந்தாள். கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது நான் அவளிடம் சொன்னது இது: “எலோடி, கல்லறைப் பக்கம் போனா என் கல்லைப் படிச்சுட்டு வா. லத்தீன் புரியலைன்னா வீட்டுக்கு வா, அர்த்தம் சொல்றேன்.” அவள் ரொட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். மாரியெட் இன்றுவரை எனக்கு ரொட்டி தருகிறாள், மீதிச் சில்லறையை மட்டும் கையில் தராமல் மேசைமேல் வைப்பாள்.

இப்போது அவளுடைய முறை. போன வியாழன் இரண்டு துண்டு பழக்கேக் கேட்டேன். “ரெண்டா, மேடம் ரோகெமன்? உங்களுக்கு எப்பவும் ஒண்ணுதானே கணக்கு!” என்றாள். பின்னால் யாரோ இருமினார்கள். பறவைகளுக்குப் போடுவதற்கு என்றேன். பாதாம் பதித்த பழக்கேக், அண்ணி, பறவைகளுக்கு!

சிரியெல் சைக்கிளைத் தோட்டத்தின் பின்னால் சாத்துகிறார். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். வியாழக்கிழமை மட்டும் முன்னறைத் திரையை இழுத்துவிடுகிறேன். மற்ற நாட்களில் திறந்தே வைத்தால் வியாழன் தெரிந்துவிடும் என்று இப்போது ஏழு நாளும் மூடி வைத்திருக்கிறேன். பகலிலேயே விளக்கு போட்டுக்கொண்டு, என் வீட்டுக்குள் நானே ஒளிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பங்குத் தந்தையிடம் போனேன். இவர் புதியவர், இளைஞர். கைம்பெண் மறுமணம் செய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை, கல்லில் வெட்டியது வார்த்தைப்பாடு ஆகாது என்றார். “கடவுளுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா” என்று முடித்தார். கடவுளுக்குப் பிரச்சினை இராது என்பது எனக்கும் தெரியும். அவர் ரொட்டிக்கடைக்கு வருவதில்லை.

போன கடிதத்தில் லத்தீன் யாருக்குப் புரிகிறது என்று எழுதினேன். அதுவும் பொய். அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்திய வாரம், வாளியும் பழைய பல் பிரஷுமாக மண்டியிட்டு எழுத்துகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடமாக வாரம் தவறாமல் செய்கிறேன். பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார். ஒவ்வொரு வருடமும் கல்லறைக்கு வந்து லத்தீன் எழுத்துகளைப் பார்த்து எழுதுவார்களாம். தலையில் துணி கட்டியிருந்த என்னைச் சுத்தம் செய்ய வந்தவள் என்று நினைத்து, “அம்மா, கொஞ்சம் நகருங்க” என்றார். நகர்ந்தேன்.

என் சொல்லை எல்லா வேற்றுமையிலும் கூட்டாக ஒப்பித்தார்கள். ஒருமை முடித்துப் பன்மைக்குப் போனார்கள். அந்த ஆசிரியர் ‘க’வை நீட்டி, மொனொகாமுஸ் என்று சொல்லிக்கொடுத்தார். திருத்த வாயெடுத்தேன். திருத்தினால் நான் யாரென்று தெரிந்துவிடும். ஒரு தவறான உச்சரிப்பைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

ஒரு பெண் கேட்டாள்: “சார், இந்தம்மா இன்னும் சாகல, வருஷம் காலியா இருக்கு பாருங்க. நடுவுல வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா?” இன்னொருவன், “அப்போ கல்லுக்கு மார்க் கொறைப்பாங்க!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியர் சொன்னார்: “அதெல்லாம் பண்ண மாட்டாங்க. கல்லுலயே வெட்டியாச்சே.”

வாளித் தண்ணீரை என் காலிலேயே கொட்டிக்கொண்டேன்.

அதனால்தான் அந்தக் கையெழுத்து. அந்தச் சொல் போய்விட்டால் நான் வெறும் கைம்பெண். வெறும் கைம்பெண் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கெஞ்சிப் பழக்கமில்லை, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவன் என் தம்பி, அவன் மனைவி இன்னொருவரோடு போக நான் கையெழுத்துப் போடுவதா என்று நீங்கள் கேட்கலாம். ஃபிர்மினை நான் குறைவாக நினைக்கவில்லை. அவரோடு முப்பத்தெட்டு வருடம் நன்றாக இருந்தேன். அதனால்தான் இன்னொரு நாற்காலியில் ஆள் இல்லாமல் சாப்பிடத் தெரியவில்லை.

ஈஸ்டர் ஏப்ரல் பதினாறு.

உங்கள்,
ஆலிடா


ஷெல்ட் ஆற்றங்கரை,
ஏப்ரல் 10, 1995
புனித வாரம், திங்கள்

என் அன்பு அண்ணி,

படிவம் மார்ச் கடைசியில் வந்து சேர்ந்தது. கையெழுத்து சரியான இடத்தில் இருக்கிறது. கூடவே நீங்கள் வைத்த துண்டுத் தாளை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பெயரடைக்குக் கிரேக்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம்தான், லத்தீன்காரர்கள்தான் பிரித்தார்கள், நீ எப்போதும் லத்தீனோடு நின்றுவிடுவாய் என்று பரிகாசம் செய்திருந்தீர்கள். அதன் கீழே, வேறு மையில்: “இங்கே ஈரத்தில் ஃபிர்மின் படங்கள் எல்லாம் பூசணம் பிடித்துப் போய்விட்டன. கல்லின் படம் மட்டும் மிச்சம். அது போதும். நீ தேய்த்துக்கொள்.”

மறுநாளே சிரியெலைக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். பட்டப்பகலில், தெரு வழியாக, சைக்கிளை அவர் தள்ளிக்கொண்டு வர, பக்கத்தில் நான். கையில் காகிதம் இருந்ததால் எனக்குத் தைரியம். மூன்று ஜன்னல்களில் திரை அசைந்தது.

அவர் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு மேலே போய் ஃபிர்மின் பெயருக்குள்ளும் விட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “ஆறு மில்லிமீட்டர் தேய்ச்சு எறக்கணும், ஆலிடா. அப்போதான் அது போகும். ஆனா அது மட்டும் போகாது. கல்லோட மொத்த முகமும் எறங்கணும். ஐயா பேரும் கூடப் போயிடும்.”

மறுபடி வெட்டிவிடலாமே என்றேன். அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். நடுங்கியது. மேசையருகே அந்தக் கையை அவர் எப்போதும் மடியில் வைத்திருப்பார், நான் கவனித்ததில்லை. “பெரிய பட்டறைக்கு அனுப்பினா மெஷின்ல வெட்டிக் குடுப்பான். அழகாத்தான் இருக்கும். தபால்பெட்டில ஒட்டுற பேரு மாதிரி இருக்கும். இது நான் கையால வெட்டினது. ஐயா எங்க குதிரைக்குப் பிரசவம் பார்த்தவரு, அதனால மூணு நாள் எடுத்து வெட்டினேன். நீ சொன்னா தேய்க்கறேன். எனக்குக் கல்லு முக்கியமில்ல.”

சிமெண்ட் பூசி அந்த வரியை மட்டும் அடைக்க முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் மழை பட்டால் பூச்சு ஒரு நிறம், கல் ஒரு நிறமாகி, இப்போதைவிட நன்றாகப் படிக்க வரும் என்றார்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், அண்ணி. கையில் உங்கள் கையெழுத்து, முன்னால் அவர், கீழே ஃபிர்மின். கதவைத் திறக்கச் சாவி வந்துவிட்டது. ஆனால் திறந்தால் விழுவது என் சொல் இல்லை, உங்கள் தம்பியின் பெயர். பெலெம் மடத்தில் உங்கள் மேசையில் இருக்கும் படத்தை நினைத்தேன். எங்கேயும் இல்லாத ஒரு கல்லின் படமாக அது ஆகிவிடும். இவ்வளவும் எதற்காக? மாரியெட் கடையில் யாரும் இருமாமல் இருப்பதற்காக.

என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. உங்கள் குடும்பமும் இல்லை, நகராட்சியும் இல்லை. ஊருக்குமுன் நான் ஒருபோதும் தவறாகச் சொன்னதில்லை என்று இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒரு செத்தவரை இரண்டாம் முறை அழிக்கத் துணிந்திருந்தேன்.

தேய்க்க வேண்டாம் என்றேன். சிரியெல் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, அப்படியென்றால் தெ பன்னெ இல்லையா என்று கேட்டார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தெ பன்னெ உண்டு என்றேன். கல் அப்படியே இருக்கட்டும், பொய்யாகவே இருக்கட்டும்.

சொல்வது எளிது. அடுத்த ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சனிக்கிழமை, குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், கடையில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை எனக்கும் சிரியெல் லிப்பென்ஸுக்கும் திருமணம் என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். பிரசங்கம் செய்வதுபோல இருந்திருக்கும். மாரியெட் ரொட்டி வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

“அப்போ அந்தக் கல்லை என்ன பண்ணப் போறீங்க, மேடம்?” என்றாள் மாரியெட்.

“ஒண்ணும் பண்ணல. அங்கதான் இருக்கும்.”

“படிக்கிற பசங்க சிரிப்பாங்களே?”

“சிரிக்கட்டும். உச்சரிப்பு சரியா இருந்தாப் போதும்.”

அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்பு. மீதியை வழக்கம்போல மேசைமேல் வைத்தாள். எலோடியைப் பார்க்க வேண்டும் என்றேன். “அம்மா பின்னாடி அறையிலதான் இருக்காங்க. வருவாங்களான்னு தெரியாது” என்றாள். மாவுச் சாக்குகளுக்கு நடுவே ஒரு மர முக்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எலோடி வரவில்லை. வராதது நியாயம். நான் அவமானப்படுத்தி ஏழு வருடம் ஆகிறது, அதற்கு அரைமணி நேரம் எம்மாத்திரம்? புதன்கிழமை மறுபடி போவேன்.

சிரியெலுக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு ஆகியிருக்கிறது. நான் செத்தால் என்னை இங்கே, ஃபிர்மின் பக்கத்தில்தான் வைக்கவேண்டும். அவர் தன் மனைவி யோசெஃபா பக்கத்தில். “இருக்கற வரைக்கும்தான் நீ எனக்கு. அப்புறம் அவங்கவங்க வீட்டுக்கு” என்றார். உங்களுக்கு இதில் ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். இடம் உங்களுடையது, நகராட்சிப் பெண் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி அது எனக்கு வேண்டாம். கிழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் செய்யுங்கள்.

வாழ்த்துங்கள் என்று கேட்கமாட்டேன். உங்கள் தம்பியின் மனைவி அப்படிக் கேட்பது முறையல்ல. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். திருமணச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அங்கே விடிவதற்கு முந்திய நேரம், நீங்கள் சிற்றாலயத்தில்தான் இருப்பீர்கள். யாருக்காக வேண்டுமானாலும் செபியுங்கள், ஆனால் அந்த நேரத்தில் எழுந்து போய்விடாதீர்கள்.

தெ பன்னெ முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்குப் பதில் எழுதும்போது உறையின்மேல் மேடம் ரோகெமன் என்று போடுவதா, மேடம் லிப்பென்ஸ் என்று போடுவதா என்பதை நான் சொல்லப்போவதில்லை. எது சரியென்று உங்களுக்குப் படுகிறதோ அதைப் போடுங்கள். தபால்காரரிடம் இரண்டு பெயரையும் சொல்லி வைத்திருப்பேன்.

என்றும் உங்கள்,
ஆலிடா